பேசும் பாகம்

— சிரிக்காதே அக்கா. அவர் மரியாதையாத்தான் சொன்னார்.

— வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம், எருமை"ங்கிறார்டா! இதுல மரியாதை எங்க இருக்கு?

— மெதுவா பேசு. கை கழுவத்தான் போயிருக்கார், காது இங்கதான் இருக்கும். விஷயம் என்னன்னா, அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

— நானா? இந்த மனுஷனை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்.

— நம்ம பிரஷர் பாக்கற மெஷின்ல பேசியிருக்கே இல்ல?

— நீ எழுதிக் குடுத்ததைத்தானே பேசினேன். அதுவும் மெஷினை வாங்கற வெளிநாட்டுக்காரங்க பாஷையில. "கையை நீட்டுங்க, ஆடாம உக்காருங்க, முடிஞ்சிடுச்சு." நாக்கு சுளுக்கற வரைக்கும் மனப்பாடம் பண்ணினேன்.

— அதுக்கு நடுவுல என்னைத் திட்டினியே, அது?

— திட்டாம? ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊத்த ஊத்த நான் பேசிட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறே. சத்தம் விழுதுடான்னா மூச்சையே பிடிச்சுக்கிட்டு நீலமாயிடறே. கொஞ்சவா முடியும்?

— அந்தத் திட்டும் சேர்ந்து போயிடுச்சு.

— எங்க?

— மெஷினுக்குள்ள. நம்ம இன்ஜினியர் திட்டை வெட்டின ரெக்கார்டிங்கை விட்டுட்டு வெட்டாததை ஏத்திட்டார். கப்பல் போனப்புறம்தான் தெரிஞ்சுது. முதல் சரக்கு முழுக்க, ஒவ்வொரு மெஷின்லயும் நீ என்னைத் திட்டறே.

— அடப்பாவி! இதை ஏன்டா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?

— திட்டுவேன்னுதான்.

— ம், அப்புறம்?

— மொத்த சரக்கும் திரும்பி வரும்னு நான் தூக்கமில்லாம கெடந்தேன். வரல. அதுக்கு பதிலா, நாலு மடங்கு வேணும்னு ஆர்டர் வந்துச்சு.

— திட்டுக்கா?

— மெஷினுக்குத்தான். ஆனா திட்டோட. அங்க வயசானவங்களுக்கு நம்ம மெஷினைக் கட்டினா பிரஷர் தானா எறங்குதாம். வேற கம்பெனி மெஷினைக் கட்டினா எறங்கலையாம். டாக்டருங்க உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டு, குரல்தான் காரணம்னு சொல்லிட்டாங்க. உடனே அந்த ஊரு அதிகாரிங்க, அப்படின்னா குரலும் மெஷினோட ஒரு பாகம்னு முடிவு பண்ணிட்டாங்க. கையில கட்டற பட்டை மாதிரி, பம்பு மாதிரி, நீ ஒரு பாகம்.

— நான் பாகமா?

— பாகம்னா பரிசோதனை உண்டு. இன்னிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வருவார்னு சொல்லியிருந்தாங்க. காலையில கம்பெனி கேட்டைத் திறக்கப் போறேன், இவர் நம்ம மெஷினை மடியில வச்சுக்கிட்டு படிக்கட்டுல உக்காந்திருக்கார். "குரலைப் பார்க்க வேண்டும்"னார். அப்படியே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— என்னமோ சொல்ல வந்தார். நான் எங்க விட்டேன்? வழியெல்லாம் நம்ம கம்பெனி பெருமைதான். கேளு அக்கா, இவர் தலையை ஆட்டினாத்தான் சரக்கு கப்பல் ஏறும். இல்லைன்னா பட்டை தைக்கற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கொஞ்சம் நல்ல பாகமா நடந்துக்கோ. வர்றார்... வாங்க சார், உக்காருங்க! துண்டு கிடைச்சுதா?

— கிடைத்தது. மிக்க நன்றி, எருமை.

— பாத்தியா, என்னையும் சொல்றார். பாரபட்சமே இல்ல.

— இங்க பாருங்க, நீங்க எங்க பாஷையை எங்க கத்துக்கிட்டீங்க?

— பாதியை இந்த இயந்திரத்திடம் கற்றேன். மீதியைப் புத்தகத்தில் கற்றேன். எங்கள் தெருவில் உங்கள் மொழி பேசும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்பேன்.

— அந்த நர்ஸ்கிட்ட எருமைன்னா என்னன்னு கேக்கலையா?

— கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நீங்கள் அதைச் சொல்லும்போது குரலில் அன்பு இருந்தது. ஆகவே, நெருங்கியவர்களை அழைக்கும் சொல் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

— அது மாடு மாதிரி ஒரு பிராணிங்க. கறுப்பா இருக்கும். சேத்துல படுத்துக்கிட்டு, கூப்பிட்டா எழுந்திருக்காது.

— பிராணியா?

— பிராணிதான்.

— எங்கள் ஊர் மருத்துவரை நான் ஆறு மாதமாக அப்படித்தான் அழைக்கிறேன். அவர் மிகவும் மகிழ்ந்து, தன் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார்.

— சார், அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. அது எங்க கம்பெனி பாஷை. பரிசோதனையை ஆரம்பிச்சிடலாமா?

— ஐயா, அதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். நான்...

— ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். நீங்க கேளுங்க, நாங்க சொல்றோம். ஒளிவுமறைவே கிடையாது.

— எதையும் கேட்கலாமா?

— எதை வேணும்னாலும்.

— அப்படியானால்... இந்தக் குரலுக்கு எத்தனை வயது?

— அம்பதைத் தாண்டியாச்சு சார். பழைய மாடல்தான். ஆனா ரிப்பேர்னு ஒரு நாள் நின்னதில்ல.

— டேய்!

— சும்மா இரு. பாகம் நடுவுல பேசக் கூடாது.

— பேசறதுதானேடா பாகமே!

— குரல் எங்கே வசிக்கிறது?

— மாடியில தனி ரூம் சார். ஈரம் படாது, நேர் வெயில் படாது. தூசி தட்டி சுத்தமா வச்சிருக்கோம்.

— யாரு தட்டறா? நான்தானே தட்டறேன்?

— தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும் சார். பராமரிப்புச் செலவே கிடையாது. ரொம்ப நாள் உழைக்கும். எங்கம்மா பீஸு எண்பத்தெட்டு வயசு வரைக்கும் ஓடுச்சு. கடைசி நாள்கூட ஆஸ்பத்திரியில டாக்டரை மிரட்டிட்டுத்தான் போச்சு.

— நல்லது. குரல் எப்போது ஓய்வு எடுக்கும்?

— அப்படி ஒரு பட்டனே வைக்கல சார். காலையில ஆன் ஆனா, நான் தூங்கற வரைக்கும் ஓடிட்டே இருக்கும்.

— பாடுமா?

— பாடும் சார். கரண்ட் போனா பாடும். நிறுத்தச் சொல்லிடுவேன்.

— ஏன்?

— ஏன்னா... தெரியல சார். எப்பவும் நிறுத்தச் சொல்லிடுவேன், அவ்வளவுதான்.

— குரலுக்கு என்ன பிடிக்கும்?

— பிடிக்குமா? இது பாடத்திட்டத்துலேயே இல்லையே. அக்கா, உனக்கு என்ன பிடிக்கும்?

— இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்கறே.

— சார்தான் கேக்கறார். சீக்கிரம் சொல்லு.

— ரயில்ல ஜன்னல் ஓரமா உக்காந்து போகப் பிடிக்கும். எங்க போறோம்னு தெரியாம.

— போயிருக்கிறீர்களா?

— பட்டைக்குத் துணி எடுக்கப் போயிருக்கேன். லாரியில.

— முன்சீட்டு சார்! காத்து நல்லா வரும்!

— இந்தக் குரலைக் கேட்டு வேறு யாராவது வந்திருக்கிறார்களா?

— வராம? முன்னாடி ஒரு ஸ்கூல் வாத்தியார் வந்தார். அதுக்கப்புறம் ஒரு பேங்க் மேனேஜர். ரெண்டு பேருமே நல்ல மாதிரிதான். ஆனா நாங்க குடுக்கல சார். அப்பத்தான் கம்பெனி ஆரம்பிச்ச நேரம், பேக்கிங்குக்கு ஆள் இல்ல.

— அவங்க வந்தது குரலுக்காக இல்லடா.

— தெரியும் அக்கா. சார்கிட்ட டிமாண்டு இருந்துச்சுன்னு சொல்றேன். நம்ம சரக்கு மதிப்பை நாமதானே சொல்லணும்?

— அது சரி, என்கிட்ட ஒரு கேள்வி இருக்கு. கேக்கலாமா?

— கேளுங்கள்.

— நான் உங்க பாஷையில பேசினது எப்படி இருந்துச்சு? எல்லாரும் திட்டு, திட்டுன்னே சொல்றாங்க. நான் கஷ்டப்பட்டுப் படிச்சது அது இல்லையே.

— உண்மையைச் சொல்லலாமா?

— சொல்லுங்க.

— "கையை நீட்டி, ஆடாமல் உட்காருங்கள்" என்பதற்குப் பதிலாக, "உங்கள் மாமனாரை மேசையில் ஊற வையுங்கள்" என்று சொல்கிறீர்கள்.

— மாமனாரையா?

— என் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார். பிறகு, "முடிந்துவிட்டது" என்னும் இடத்தில், "வாத்து வந்துவிட்டது" என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் கதவைப் பார்ப்போம்.

— ஐயையோ!

— எங்கள் மொழியில் நீங்கள் சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. உங்கள் மொழியில் திட்டியதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

— ஒரு வார்த்தை தெரியாம எப்படிங்க புரியும்?

— "மூச்சைப் பிடிச்சுக்காதே, விடுடா. உன்னை யாரு இங்க அடிக்கப் போறா?" இதைக் கேட்டால் எங்கள் தெருவே மூச்சு விடும். "சாப்பிட்டியா இல்லையா? மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு?" இது வந்ததும், ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பதில் சொல்வோம்.

— மெஷினுக்கா?

— ஆமாம். எங்கள் ஊரில் எல்லோரும் மிகவும் மரியாதையானவர்கள். என் மகன் மாதம் ஒருமுறை மரியாதையாகத் தொலைபேசுவான். கடைக்காரர் மரியாதையாக ரொட்டி கொடுப்பார். மனைவி இறந்த பிறகு என்னை ஒருவர்கூடத் திட்டியதில்லை.

— ரொம்பக் கஷ்டம்தான்.

— சார், நீங்க உங்க மேலேயே போட்டு சோதனை பண்ணிப் பாத்திருக்கீங்க பாருங்க, இதுக்குப் பேருதான் கடமை! இன்னும் கேளுங்க, அடுத்த திட்டமெல்லாம் ரெடி. இதய நோயாளிங்களுக்குக் காரம் கம்மியா ஒரு திட்டு. சர்க்கரை பாக்கற மெஷினுக்கு நல்லா கடுமையா. தெர்மாமீட்டருக்குச் சின்னதா ஒரு முணுமுணுப்பு போதும். எடை பாக்கற மெஷினுக்குப் பேச்சே வேண்டாம், ஏறி நின்னதும் ஒரு பெருமூச்சு.

— பெருமூச்சு வேணும்னா இப்பவே தரேன்.

— ஐயா, குரலை ஒருமுறை நேரில் கேட்க முடியுமா?

— கேட்டுட்டுத்தானே இருக்கீங்க?

— இல்லை. திட்டும்போது.

— ஓ, நேரடி சோதனை! அக்கா, திட்டு.

— யாரை?

— என்னைத்தான்.

— காரணம் இல்லாம எப்படிடா வரும்? அதுவும் வந்தவங்க முன்னாடி?

— காரணம் நான் தரேன். இதோ, ஈரத் துண்டை சோபா மேல போட்டாச்சு.

— பரவாயில்ல. காயும்.

— செருப்போட உள்ள நடக்கறேன். பாரு, மண்ணு.

— பெருக்கிக்கலாம்பா.

— "பா"வா? சார், சத்தியமா சொல்றேன், இது இதோட இயல்பே இல்ல. இதோ, டீயைக் கொட்டறேன். கொட்டிட்டேன்!

— கை சுட்டுடலையே?

— போச்சு, பாகம் ஃபெயிலாகுது! அக்கா, கரண்ட் பில்லு கட்டல! உன் மூக்குக்கண்ணாடியை ரிப்பேருக்குக் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போய் பஸ்ல தொலைச்சுட்டேன்! உன் தையல் மெஷினை வித்துட்டேன்!

— தள்ளு, டீயைத் துடைக்கறேன்.

— அது... அது நிஜமாவே வித்துட்டேன்.

— தெரியும்.

— தெரியுமா? அப்ப ஏன் திட்டவே இல்ல?

— அதுக்கெல்லாம் திட்டு வராதுடா.

— ஐயா, போதும். நான் கேட்டது தவறு. மன்னியுங்கள். நான் புறப்படுகிறேன்.

— கொஞ்சம் இருங்க. எழுந்ததும் ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கறீங்க?

— ஒன்றுமில்லை.

— கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?

— நேற்று, விமானத்தில். ஒரு ரொட்டி கொடுத்தார்கள். பாதி சாப்பிட்டேன்.

— நேத்தா? நேத்து அரை ரொட்டியைத் தின்னுட்டு இன்னிக்கு ஊர் பேர் தெரியாத இடத்துல படிக்கட்டுல வந்து உக்காந்திருக்கீங்களா? பச்சைக் குழந்தையா நீங்க? மெஷினை மடியில கட்டிக்கிட்டா ஆச்சா, வயித்துக்கு ஒண்ணும் போட வேண்டாமா? மூஞ்சியைப் பாருங்க, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி! கேட்டா ஒண்ணுமில்லையாம், ஒண்ணுமில்ல! மயங்கி விழுந்திருந்தா யாரு தூக்கறது? முதல்ல மூச்சை விடுங்க, எதுக்கு இழுத்துப் பிடிச்சுக்கறீங்க? டேய், நீ என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறே, நட்டு வச்ச கம்பம் மாதிரி? போய் பாலைச் சுட வை! ரொட்டி இருந்தா எடுத்துட்டு வா!

— வந்துடுச்சு! சார், வந்துடுச்சு! பாஸா சார்?

— போடா உள்ள!

— போறேன், போறேன்! சார், மறக்காம குறிச்சுக்கோங்க, ஒரிஜினல்!

— ஏங்க, எதுக்கு அழறீங்க? சத்தம் ஜாஸ்தியாயிடுச்சா?

— இல்லை. இயந்திரத்தின் ஒலிபெருக்கி சிறியது. இன்றுதான் முழுதாகக் கேட்கிறேன்.

— கையைக் குடுங்க, பட்டையைக் கட்டறேன். அப்படி இல்ல, தளர்த்தி வைங்க. பேசாதீங்க... நூத்தி எழுபது! இதோடவா ஏரோப்ளேன்ல வந்தீங்க? உங்க டாக்டர் எப்படி விட்டார்?

— அவரிடம் சொல்லவில்லை.

— அவரை நீங்க எருமைன்னு கூப்பிடறது சரிதான் போலிருக்கு. சாஞ்சு உக்காருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்.

— நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்.

— என்ன பேசறது?

— எது வேண்டுமானாலும். கரண்ட் போனால் பாடுவது என்ன பாட்டு?

— அது பாட்டுன்னு சொல்ல முடியாது. பாதி எனக்கு மறந்து போச்சு, அந்த இடத்துல நானே எதையாவது போட்டுப் பாடுவேன். கேக்கறவங்க சிரிப்பாங்க.

— நான் சிரிக்க மாட்டேன்.

— கரண்ட் போகட்டும், பாக்கலாம்.

— ஒன்று கேட்க வேண்டும். இந்தக் குரலை இந்த வீட்டிலிருந்து கழற்ற முடியுமா?

— முடியவே முடியாது சார்! அடுப்படிக்கே கேட்டுச்சு! கம்பெனியோட சேர்த்து வெல்டிங் வச்சாச்சு சார். அதை எடுத்தீங்கன்னா மொத்தமும் உக்காந்துடும்!

— கழட்டலாம்.

— அக்கா!

— கழட்டலாம்டா. வெல்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு நீ. இன்னொண்ணு, நான் இல்லைன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்கு இருக்கற பயம்.

— பயம் நியாயம்தானே? பால் பொங்கி அடுப்பெல்லாம் போயிடுச்சு.

— துடைக்கத் துணி கொடியில இருக்கு. நீயே துடைச்சுக்கோ. என்னைக் கேட்டா, துடைக்கக் கத்துக்க அம்பது வயசு ஒண்ணும் லேட்டு இல்ல. மிச்சப் பாலைக் கொண்டா.

— இந்தாங்க சார், ரொட்டியும் இருக்கு. அக்கா சும்மா சொல்லுது. நீங்க கழட்டலாம்னு எழுதிடாதீங்க.

— நீங்க கேட்டதுக்கு நான் சொல்லிடறேன். கழட்டலாம். ஆனா யாரோ பேரம் பேசி முடிச்சதும் தூக்கிட்டுப் போக நான் பார்சல் இல்ல. கேக்கணும். இவன்கிட்ட இல்ல, என்கிட்ட.

— கேட்கிறேன்.

— முதல்ல சாப்பிடுங்க. மெல்லமா. யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க. கையைக் குடுங்க... டேய், இங்க பாரு. நூத்தி முப்பத்தஞ்சு.

— பாத்தீங்களா சார்! செயல்திறன்! ஒரு நிமிஷம், போன் அடிக்குது. ஹலோ? வாட்ச்மேன், நான் இன்ஸ்பெக்டரோட இருக்கேன், அப்புறம் பேசறேன்... என்னது? யாரு வந்திருக்கா?... இன்ஸ்பெக்டர் இங்க ரொட்டி சாப்பிட்டுட்டிருக்காரேய்யா!... கோட்டு போட்டுக்கிட்டா? நாங்க கிளம்பினதுமேவா?... எல்லா மெஷினையும் பாத்துட்டாரா?... குரலை? காதுல மாட்டிக் கேட்டாரா? ஒண்ணும் சொல்லலையா?... சிரிச்சாரா?... எல்லாம் சரின்னு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பிட்டாரா? சரி... சரி, வைங்க.

— என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?

— அக்கா, பாஸாயிட்டோம். சரக்கு போகலாமாம்.

— அதுக்கு ஏன் இந்த முழி?

— இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு வந்து, பாத்து, கையெழுத்து போட்டுட்டு, திரும்பியும் போயிட்டாராம்.

— அப்ப இவர் யாரு?

— சார்... நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?

— ஐயா, காலையிலிருந்து அதைத்தான் சொல்ல முயல்கிறேன். நான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் முகவரி இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருந்தது. பயணச்சீட்டு எடுத்தேன், வந்தேன்.

— பஸ் டிரைவரா? அப்ப வயசு, ரூமு, பிடிச்சது பிடிக்காதது எல்லாம் எதுக்கு சார் கேட்டீங்க? எதைப் பரிசோதிக்க வந்தீங்க?

— எதையும் பரிசோதிக்க வரவில்லை. இதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். உச்சரிப்புத் தவறாக இருந்தால் இவர் திட்டட்டும்.

— சொல்லுங்க.

— பெண் பார்க்க வந்திருக்கிறேன்.